மருந்துக்கு அடங்காத கிருமிகள்: ஆஸ்பத்திரியும் பண்ணையும்

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளைப் பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பயிரும் கால்நடையும் குடியானவருக்கு உரியவை. மனிதருடைய வியாதியோ வைத்தியருக்கு உரியது. இரண்டையும் கலப்பது முறையன்று என்பது அவர்கள் எண்ணம். ஆனால் 2015-ம் வருஷத்தில் சீன தேசத்துப் பன்றிகளிடம் கண்டறியப்பட்ட ஒரு விஷயமும், 2019-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் பிறப்பித்த ஓர் உத்தரவும், இவ்விரண்டுக்கும் இடையே இருப்பதாக நினைத்திருந்த வேலி உண்மையில் இல்லை என்று காட்டிவிட்டன. வேறு எம்மருந்தும் பலியாதபோது ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்துக் கையாளும் மருந்து ஒன்று, கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தோடு கலந்து கொடுக்கப்பட்டு வந்தது என்பதே அவ்விஷயம். அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்தது என்ன என்பவற்றை நிலமும் கால்நடையும் உடையவர்களும், கிராம நிர்வாகத்திலிருப்பவர்களும் அறிந்திருத்தல் நலம்.

கிருமிகள் வலுப்பெறும் விதம்

நோய்க்கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகளிற் பல, மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தே கிடைத்தவை. காசநோய்க்குப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாடிக்காகிய ஸ்டிரெப்டோமைசின், 1943-ம் வருஷத்தில், அமெரிக்காவில் நியூஜெர்ஸி விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மண் ஆராய்ச்சியாளரால் கண்டுபிடிக்கப்பட்டது. வைத்தியத்துக்கு விவசாய சாஸ்திரம் அளித்த கொடைகளில் இதைவிடப் பெரியது வேறில்லை எனலாம். மண்ணில் இப்பொருள்கள் பன்னெடுங் காலமாக இருந்து வருவதால், அவற்றைத் தாங்கி உயிர் வாழும் வல்லமையும் சில கிருமிகளிடம் பன்னெடுங் காலமாகவே இருந்து வருகின்றது.

பல ரகங்கள் கலந்த நெல் விதையைக் களர் நிலத்தில் விதைத்தால் என்ன நேரிடும் என்பதைக் குடியானவர் அறிவர். களரைத் தாங்காத நாற்றுக்கள் மடியும். தாங்கக்கூடிய சில மட்டும் தூர் கட்டிக் கதிர் வாங்கும். அவ்விளைவையே விதைக்கு எடுத்துவைத்து மறு வருஷமும் அதே நிலத்தில் விதைத்தால், நாலைந்து போகத்துக்குள் வயல் முழுவதும் களர் தாங்கும் ரகமாகிவிடும். கிருமிகளிடம் மருந்து செய்யும் காரியமும் இத்தகையதே. கோடிக்கணக்கான கிருமிகளுள் இரண்டொன்று மருந்துக்கு அடங்காதவையாயிருக்கும். ஏனையவை மடிந்தவுடன் அவை தின்ற உணவும் இருந்த இடமும் மிஞ்சியவற்றுக்குக் கிடைக்கின்றன. தக்க உணவும் வெப்பமும் வாய்த்தால் சில கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அக்கணக்கின்படி ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்துக்கு மேற்படும். நெல்லுக்கு நாலைந்து போகம் பிடிக்கும் காரியம் கிருமிக்கு இரண்டொரு நாளில் முடிந்துவிடுகின்றது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். உட்கொண்ட மருந்து, நோயுண்டாக்கும் கிருமியை மட்டும் தேடிச் சென்று தாக்குவதில்லை. குடலில் இயல்பாகவே தீங்கின்றி வாழ்ந்துகொண்டிருக்கும் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் மீதும் அது படுகின்றது. ஆகவே காய்ச்சல் நீங்கிய பிறகும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடலில் தங்கி, மலத்தோடு வெளியேறிக் கைகள், நீர், பாத்திரம் இவற்றின் வழியாகப் பிறரை அடைகின்றன. மருந்து சாப்பிடாதவனும் இவ்வாறு அவற்றைப் பெறுகின்றான். ஏரியில் ஒருவர் முறை தவறி மடையைத் திறந்தால் கடைமடைக்காரர் வயல் காய்வதைப் போன்றதே இது. தவறு செய்தவரும் நஷ்டப்படுபவரும் ஒருவரேயாக இருக்கவேண்டுமென்பதில்லை.

ஆஸ்பத்திரிகளிற் கண்டவை

பெனிஸிலின் மருந்தைச் சிதைத்துவிடும் பொருள் ஒன்றைச் சில கிருமிகள் சுரக்கின்றன என்பதை, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஏபிரஹாம், செயின் என்னும் இருவர் 1940-ம் வருஷத்திலேயே கண்டு வெளியிட்டனர். அப்பொழுது அம்மருந்து நோயாளிகளிடையே வழக்கத்துக்கு வரவில்லை. அதாவது, நோயாளிகளிடம் மருந்து சென்று சேருமுன்னரே அதற்கு மாற்று கிருமிகளிடம் தயாராயிருந்தது.

யுத்தம் முடிந்து பெனிஸிலின் தாராளமாகப் புழங்கத் தொடங்கிய பின்னர், லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மேரி பார்பர் என்னும் மாது ஒரு பரிசோதனையைத் தொடர்ந்து நடத்தி வந்தார். ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியே அவர் ஆராய்ந்தது. சீழ்க்கட்டிகளையும் புண்களையும் உண்டாக்குவதும், கறவை மாட்டின் மடிவீக்கத்துக்குப் பல சமயங்களிற் காரணமாவதும் இக்கிருமியே. நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டாபிலோகாக்கஸ் வகைகளுள் பெனிஸிலினுக்கு அடங்காதவை 1946-ல் நூற்றுக்குச் சுமார் 14 ஆக இருந்தன. 1947-ல் இவை 38 ஆகவும், 1948-ல் 59 ஆகவும் உயர்ந்தன. இரண்டே வருஷங்களில் ஓர் அருமருந்து பாதிக்குமேற்பட்ட இடங்களிற் பயனற்றதாயிற்று.

இவ்வெண்களைவிட முக்கியமானது அதற்கு அவர் கண்ட காரணம். ஒரு நோயாளியின் உடலில் இருந்த கிருமி சிகிச்சையின் நடுவே மாறியது அன்று. ஆரம்பத்திலிருந்தே பெனிஸிலினுக்கு அடங்காத வகையொன்று ஆஸ்பத்திரியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி, மருந்தால் மடிந்துகொண்டிருந்த மற்ற வகைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்கு இரண்டும் வேண்டும்: இடத்தைக் காலி செய்து கொடுக்க ஓயாத மருந்துப் பிரயோகம், ஒரு படுக்கையிலிருந்து மற்றொரு படுக்கைக்குக் கிருமியைக் கொண்டுசெல்லக் கழுவாத கைகள். ஆஸ்பத்திரியில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்திருப்பதே அதனை இத்தகைய கிருமிகளின் நாற்றங்காலாக ஆக்குகின்றது. நெருக்கமாகக் கோழிகளை அடைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீரில் மருந்து கலந்து வைக்கும் கொட்டகையிலும் இவ்விரண்டும் சேர்ந்தேயிருக்கின்றன என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பெனிஸிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸுக்கென்றே மெதிஸிலின் என்னும் புது மருந்தை இங்கிலாந்தில் 1959-ல் தயாரித்தனர். அதற்கும் அடங்காத வகை அந்நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டதாக 1961-ல் செய்தி வெளியாயிற்று. இம்மாதிரிப் பந்தயத்தில் மருந்து செய்பவர் நெடுங்காலம் முன்னிற்க முடியாது.

இதற்கு மாறான அநுபவம் ஒன்றும் உண்டு. அது போதிய அளவு பிரசித்தி யடையவில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தை அடுத்த கில்லெர்ன் ஆஸ்பத்திரியில், மூளை அறுவை சிகிச்சைப் பகுதியில், கிளெப்ஸியெல்லா என்னும் கிருமி பரவி நோயாளிகளை வாட்டியது. வைத்தியர்கள் துணிந்து அப்பகுதியில் எல்லா ஆன்டிபயாடிக் மருந்துகளையும் அடியோடு நிறுத்தினர். கிருமியின் தொல்லை அடங்கியது. பிரைஸ், ஸ்லீ என்னும் இருவர் 1970-ல் இதனை வெளியிட்டனர். எல்லா இடங்களிலும் இவ்வாறு செய்யலாகாது. மருந்தின்றி மாண்டுபோகும் நோயாளிகள் உண்டு. எனினும், மருந்தே அக்கிருமிக்கு வேலி கட்டிக் காவல் புரிந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி தேவையில்லை.

மருந்தைத் தாங்கும் வல்லமை ஒருவகைக் கிருமியிடமிருந்து வேறுவகைக் கிருமிக்குக் கைமாறவும் கூடும். ஜப்பானில், நான்கு மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அடங்காத சீதபேதிக் கிருமிகள் தோன்றியபோது, அவ்வல்லமையைக் குடலில் வாழும் சாதாரண நுண்ணுயிர்களும் சீதபேதிக் கிருமிகளும் தமக்குள் மாற்றிக்கொள்ளக் கூடும் என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1959-ல் மெய்ப்பித்தனர். பசுவின் குடலிலோ கோழியின் குடலிலோ உண்டான வல்லமை மனிதருடைய நோய்க்கிருமிக்கு வந்து சேர்வதற்கு வழி இதுவே.

இந்தியாவைச் சேர்ந்த செய்தி இதனோடு தொடர்புடையது. 2008-ல் புது தில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம், கார்பபெனெம் என்னும் உயர்ந்த வகை மருந்துகளையும் சிதைக்கும் கிருமி காணப்பட்டது. அச்சக்தியை அளிக்கும் மரபணுவுக்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். 2010-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, அதையுடைய கிருமிகள் சென்னையில் 44-ம், ஹரியானாவில் 26-ம், பிரிட்டனில் 37-ம் அகப்பட்டன. அதே வருஷத்தில் புது தில்லியில் எடுத்த நீரைப் பரிசோதித்தபோது, தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-ல் 2-லும் அம்மரபணு இருந்தது. நகரத்துச் சாக்கடை நீரைப் பாய்ச்சிக் கீரையும் தீவனப்புல்லும் பயிரிடுவோர் இக்கணக்கைச் சற்று நின்று படித்தல் வேண்டும்.

கார்பபெனெமும் பலியாத நோயாளிகளுக்காக வைத்தியர்கள் திரும்பி எடுத்த பழைய மருந்து கொலிஸ்டின். 1940-களின் இறுதியில் ஜப்பானில் ஒரு மண் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த இது, சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்வதால் 1970-களில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. வேறு கதியின்மையால் ஆஸ்பத்திரிகள் மீண்டும் இதனை நாடலாயின. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கொலிஸ்டின் உபயோகமின்றி அலமாரியில் இருக்கவில்லை, பண்ணைகளிற் புழங்கிக்கொண்டிருந்தது.

பண்ணையின் பங்கு

தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தால் குஞ்சுகள் விரைவில் எடை கூடுகின்றன என்பது 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் நோயில்லாத பிராணிகளுக்கும் நாள்தோறும் இம்மருந்துகளை ஊட்டும் வழக்கம் பல தேசங்களிற் பரவிற்று. நோய் தீர்க்கப் போதாத அளவு. ஆனால் களர் நிலத்தைப் போல், தாங்கும் ரகத்தைப் பொறுக்கி யெடுக்கப் போதுமான அளவு. கிருமிகளை வலுப்படுத்த வேண்டுமென்றே ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிடச் சிறந்த முறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஸ்டூவர்ட் லெவி என்னும் அமெரிக்க வைத்தியர், பாஸ்டன் நகரத்துக்கு அருகே ஒரு குடும்பத்தாருடைய பண்ணையில் சுமார் 300 கோழிக்குஞ்சுகளைக்கொண்டு நடத்திய பரிசோதனையை 1976-ல் வெளியிட்டார். ஒரு பகுதிக்கு டெட்ராஸைக்ளின் வகை மருந்து கலந்த தீவனமும், மற்றொரு பகுதிக்குச் சாதாரணத் தீவனமும் கொடுக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் மருந்துத் தீவனம் தின்ற குஞ்சுகளின் குடற்கிருமிகள் ஏறக்குறைய யாவும் அம்மருந்துக்கு அடங்காதவையாயின. பிறகு, தாம் தின்றறியாத வேறு மருந்துகளையும் அவை தாங்கலாயின. ஐந்தாறு மாதங்களில் பண்ணைக் குடும்பத்தாரிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் நூற்றுக்கு 31-ல் இத்தகைய கிருமிகளே மிகப் பெரும்பான்மையாயிருந்தன; அண்டை வீட்டாரிடம் இது நூற்றுக்கு 7-க்கும் குறைவு. குடும்பத்தார் ஒருவரும் அம்மருந்தை உட்கொள்ளவில்லை. தீவனத்தை நிறுத்தி ஆறு மாதங்களான பின்னர், பரிசோதிக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோரிடம் அக்கிருமிகள் மறைந்துவிட்டன என்பதும் அப்பரிசோதனையிற் கண்ட நல்ல செய்தி.

டென்மார்க்கு தேசத்தில் இது நாடளாவிய அளவில் நிரூபணமாயிற்று. வாங்கோமைசின் என்னும் ஆஸ்பத்திரி மருந்தும், அவோபார்சின் என்னும் தீவன மருந்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாங்கும் கிருமி மற்றொன்றையும் தாங்கும். 1994-ல் அந்நாட்டு மனிதருக்குச் செலவான வாங்கோமைசின் 24 கிலோ. பிராணிகளுக்குச் செலவான அவோபார்சின் 24,000 கிலோ. 1995-ல் அவோபார்சினைத் தடுத்தனர். அவ்வருஷத்தில் கறிக்கோழிகளிடமிருந்து எடுத்த எண்டரோகாக்கஸ் கிருமி வகைகளில் நூற்றுக்கு 72.7 அடங்காதவையாயிருந்தன, 2000-ல் இது 5.8 ஆகக் குறைந்தது. பன்றிகளிடம் மட்டும் உடனே குறையவில்லை. டைலோசின் என்னும் மற்றொரு மருந்தை அவற்றுக்குக் கொடுத்துவந்ததே காரணம். இரண்டு மருந்துகளையும் தாங்கும் குணங்கள் ஒரே மரபுத் துணுக்கில் இணைந்திருந்தமையால், ஒரு மருந்து மற்றதற்குரிய குணத்தையும் காத்து வந்தது. டைலோசினை நிறுத்திய பின்னரே பன்றிகளிடமும் இறக்கம் கண்டது. ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றைக் கலப்பது பரிகாரமாகாது என்பது இதனால் விளங்கும்.

டேனிஷ் பண்ணைக்காரருக்கு நஷ்டமேற்பட்டதா எனில், கோழி வளர்ப்பில் சொல்லத்தக்க நஷ்டமில்லை. தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளிடம் கழிச்சல் சிறிது மிகுந்து, வைத்தியத்துக்கென மருந்து கூடுதலாகச் செலவாயிற்று. கொட்டகைச் சுகாதாரமும் தீவனமும் செம்மையாயிருந்த இடங்களில் இக்கஷ்டமும் குறைவே.

இனி முதலிற் கூறிய சீனச் செய்திக்கு வருவோம். அங்கே கொலிஸ்டின் தீவனத்தில் ஏராளமாகக் கலக்கப்பட்டு வந்தது. கொலிஸ்டினைத் தாங்கும் வல்லமை கிருமிக்குக் கிருமி கைமாறாது என்றே அதுவரை எல்லோரும் நம்பியிருந்தனர். கைமாறக்கூடிய எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணு அங்கே இருப்பது 2015-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெளியாயிற்று. ஈ. கோலை என்னும் குடற்கிருமியில் அதைத் தேடியபோது, 804 பிராணி மாதிரிகளில் 166-லும், 523 இறைச்சி மாதிரிகளில் 78-லும் அகப்பட்டது. ஆஸ்பத்திரி நோயாளிகளிடமோ, 1,322 பேரிடம் எடுத்த ஈ. கோலை, கிளெப்ஸியெல்லா கிருமிகளில் 16-ல் மட்டுமே இருந்தது. எத்திசையிலிருந்து எத்திசைக்குப் பாய்ந்தது என்பதை இக்கணக்கே ஒருவாறு உணர்த்துகின்றது. 2017-ல் சீன சர்க்கார் கொலிஸ்டினைத் தீவனத்திற் கலப்பதை நிறுத்தினர். பன்றிகளிடம் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ. கோலை 2015-16-ல் நூற்றுக்கு 34 ஆக இருந்தது, 2017-18-ல் 5 ஆயிற்று. கோழிகளிடம் 18-லிருந்து 5 ஆயிற்று.

இந்தியாவில் 2019-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி உத்தரவின்படி, உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகள், கோழிகள், மீன் பண்ணைகள், தீவனக் கலவைகள் இவற்றுக்கென்று கொலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் வழங்குவதும் தடுக்கப்பட்டன. பழைய சரக்கையோ, பெயர் மாற்றிய பொட்டலங்களையோ எவரேனும் மலிவாகக் கொண்டுவந்து காட்டினால் அதை ஏற்றுக்கொள்ளாதிருப்பது பண்ணைக்காரர் கடமை; தெரிந்தும் வாளாவிருப்பது கிராம அதிகாரிகளுக்கு அழகன்று. 2019-ம் வருஷம் ஒன்றில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர் காரணமாக, உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கின்றனர். பிரசவத்துக்கும் அறுவைக்கும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் கிராமத்துக் குடும்பங்களும் இவ்வபாயத்துக்கு உட்பட்டவையே.

குடியானவர் கவனிக்கத்தக்கவை

கோமாரியும், கோழிகளின் வெள்ளைக் கழிச்சலும் வைரஸால் உண்டாகும் நோய்கள். ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடுவதில்லை. இந்நோய்களுக்குத் தடுப்பூசியே வழி. நோய் கண்டபின் கடையில் வாங்கி ஊட்டும் மருந்துக்குச் செலவிடும் பணம் வீணாவதோடு, கொட்டகையிலுள்ள வேறு கிருமிகளை வலுப்படுத்தவும் செய்கின்றது. கோமாரிப் புண்ணில் பிற கிருமிகள் சேர்ந்திருந்தால் மருந்து தேவையா என்பதைக் கால்நடை வைத்தியரே பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும். மனிதருக்கு வரும் ஜலதோஷத்துக்கும் இது பொருந்தும்.

ஊசி போட்ட அன்றே மாடு தீவனம் தின்னத் தொடங்கியது கண்டு, எஞ்சிய மருந்தை அடுத்த மாட்டுக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அரைகுறை அளவினால் முதல் மாட்டுக்கும் பயனில்லை, அடுத்த மாட்டுக்கும் பயனில்லை. நல்லதுதானே என்று வைத்தியர் குறித்ததற்கு மேல் நாட்களை நீட்டுவதும் தவறு. மருந்து பட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் பொறுக்கியெடுக்கும் வேலை நடந்துகொண்டேயிருக்கும். மடிவீக்கத்துக்கு மருந்திட்ட மாட்டின் பாலை விற்கக் கூடாதென்று கன்றுக்கு ஊட்டிவிடுவது சிக்கனமாகத் தோன்றலாம். அக்கன்றின் குடலோ, லெவியின் பரிசோதனைக் குஞ்சுகளின் குடலைப் போலாகிவிடும்.

மருந்து தின்ற கோழிகளின் ஆழ்கூளத்தையும் மாட்டுச் சாணத்தையும் பச்சையாகக் காய்கறி வயலிற் போடாமல், குவித்து நன்றாகச் சூடேறி மக்கவிட்டுப் போட்டால் கிருமிகள் பெரிதும் குறையும். கறப்பதற்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தலும், நோயுள்ள மாட்டைக் கடைசியிற் கறத்தலும் செலவில்லாத காரியங்கள். லண்டன் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் படுக்கை பரவியது கொட்டகையில் மாட்டுக்கு மாடு பரவாதிருக்க இவையே உபாயம்.

மருந்துக் கடைகளைப் பற்றிக் கிராம அதிகாரிகள் அறியவேண்டிய விதி ஒன்றுண்டு. 1-3-2014 முதல், எச்-1 அட்டவணையிற் சேர்ந்த ஆன்டிபயாடிக் மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றால் வைத்தியர் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு இவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

பிராணிகளுக்குரிய மருந்துகளின் சீட்டில், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் உணவுக்கு எடுக்கலாகாது என்று அச்சிட்டிருக்க வேண்டுமென்பது சட்டம். அம்மருந்துக்கென்று தனியே நாள் நிர்ணயிக்கப்படாதவிடத்து, பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்கும், கோழி, ஆடு, மாடு இவற்றின் இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையக் கூடாது. ஒரே மாட்டுக்கு மடிவீக்கம் திரும்பத் திரும்ப வருமாயின், கைக்குக் கிடைத்த மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை விட்டு, முதல் ஊசிக்கு முன்பே பால் மாதிரியைச் சுத்தமான புட்டியிற் பிடித்துக் கால்நடை வைத்தியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்பினால், எக்கிருமி, எம்மருந்துக்கு அது அடங்கும் என்பது தெரிந்துவிடும்.